கோவில்பட்டிக்காரரின் டினெக்கே

1

இந்தக் கதை ஒரு ஏணிக்கு அடியில் கிடைத்தது. 2007ஆம் ஆண்டு கோடையில், பர் துபாயில் எங்கள் ஃப்ளாட்டின் ஏசி, சோபாவின் மேல் தண்ணீரைக் கொட்ட ஆரம்பித்தது. சரிசெய்ய வந்தவர் நீலச் சட்டைக்காரர், நாற்பதுக்குள் வயது. தரை அழுக்காகக் கூடாதே என்று பழைய செய்தித்தாள்களை விரித்துக் கொடுத்தேன். அதன்மேல் ஏணியை வைக்கப் போனவர் அப்படியே நின்றார். குனிந்து ஒரு பக்கத்தை மட்டும் உருவி, என் சாப்பாட்டு மேஜையில் பத்திரமாக வைத்துவிட்டு வந்து ஏணியை நிறுத்தினார்.

"என்னங்க அது?" என்றேன்.

"இந்தப் பிள்ள மேல ஏணிய வைக்க முடியாது மேடம்."

எட்டிப் பார்த்தேன். விளையாட்டுப் பக்கம். பொன்னிற முடியைக் குதிரைவாலாகக் கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண், கையில் ஹாக்கி மட்டை. நெதர்லாந்து வீராங்கனை என்று கீழே போட்டிருந்தது. இவள்மேல் அப்படி என்ன அக்கறை என்று கேட்டேன். "நமக்கு கோவில்பட்டி மேடம்" என்றார், அதற்குமேல் விளக்கம் எதற்கு என்பதைப் போல. வேலை முடிந்து போகும்போது அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இனிமேல் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

(கோவில்பட்டி தெரியாதவர்களுக்கு: கடலைமிட்டாய்க்கும் ஹாக்கிக்கும் பேர்போன ஊர். மற்ற ஊர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டை கேட்டு அழும் வயதில், அங்கே ஹாக்கி மட்டை கேட்டு அழுவார்கள்.)

(இன்னொன்று: படத்தில் இருந்தவளின் உண்மைப் பெயரை நான் தொடவில்லை. டினெக்கே வெர்மாஸ் என்று ஒருத்தியை நானே செய்துகொண்டேன். நெதர்லாந்து அணியின் பட்டியலில் போய்த் தேடாதீர்கள், கிடைக்க மாட்டாள். அவள் போட்ட கோல், அவள் முழங்கால், அவள் புகழ் எல்லாம் என் பொறுப்பு.)

2

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்: "ஈவிரக்கமற்ற பாலைவன வெயிலில் ஒரு மனிதன்—"

அடித்துவிட்டேன். வளைகுடாக் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் வெயிலில்தான் கையை வைக்கிறோம். என் ஆள் ஏசி மெக்கானிக். வெயில் அவருக்குப் படியளக்கிற சாமி. அதை நான் திட்டினால் அவருக்கே பிடிக்காது.

இரண்டாம் தொடக்கம்: "டினெக்கே பிறந்த ஊரில் வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும். மழையில் நனைந்த புல்தரையில் பந்து ஓடும்போது எழும் ஓசை—"

அந்த ஊருக்கு நான் போனதில்லை. அந்த ஓசையைக் கேட்டதும் இல்லை. இதையும் விட்டுவிடுகிறேன்.

மூன்றாவதாகச் சோற்றில் தொடங்கினேன். அது நின்றது.

வெள்ளிக்கிழமை மதியம். அல் கூஸில், தொழிலாளர்கள் தங்கும் ஒரு கம்பெனி கேம்ப். அந்த ரூமில் எல்லோருக்கும் லீவு, ஆகவே எல்லோருக்கும் பசி. கடையநல்லூர் செய்கு முகம்மது பிரியாணி தேக்சாவை அடுப்பிலிருந்து இறக்கித் துணியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வருகிறார். மேஜை கிடையாது. கட்டில்களுக்கு நடுவே செய்தித்தாளைப் பரப்பி, அதன்மேல் வைத்துச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதுதான் பேச்சலர் ரூம் வழக்கம். தாளைப் பரப்பும் வேலை பாலகுருவுடையது. எட்டயபுரத்துக்காரர். கார்மேகத்துக்கு ஒருவகையில் மச்சான் முறை, எல்லாவகையிலும் வம்புக்கு இழுக்கிறவர்.

ஆமாம், அவருக்குக் கார்மேகம் என்று பெயர் வைத்திருக்கிறேன். நீலச் சட்டைக்காரர் என்றே எத்தனை பக்கம் ஓட்டுவது.

"அந்தத் தாள எடு" என்றார் கார்மேகம்.

"எந்தத் தாள?"

"அந்தப் பிள்ள படம் இருக்குல்லா, அத. அது மேல தேக்சாவ வைக்காத."

செய்கு முகம்மதுவின் கை சுட்டது. "அண்ணாச்சி, சீக்கிரம் சொல்லுங்க. எங்க வைக்க?"

பாலகுரு அந்தத் தாளை எடுத்தார். அடியில் இருந்த தாளிலும் அவளே இருந்தாள். இங்கே மட்டை இல்லை. கறுப்புக் கவுன், சிவந்த உதடு, கன்னத்தில் ஊன்றிய கையில் பளபளவென்று ஒரு கைக்கடிகாரம். ஷேக் ஜாயித் ரோட்டில் நாலு மாடி உயரத்துக்கு நிற்கிற அதே விளம்பரம்.

"இப்ப என்ன செய்ய மாப்ள? இதுலயும் ஒம்ம ஆளுதான் நிக்கா."

கார்மேகம் குனிந்து பார்த்தார்.

"அதுல வைக்கலாம்" என்றார். "அதுல மட்டை இல்ல."

கடிகாரக்காரியின் மேல் தேக்சா இறங்கியது. மட்டைக்காரி கார்மேகத்தின் தலையணைக்கு அடியில் போனாள். அன்றைக்குப் பிரியாணியில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்பதைத் தவிர இந்தப் பகுதியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

3

டினெக்கேயின் சரித்திரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அப்பா பஸ் டிரைவர். பள்ளிக்கூடத்தை முடிக்கும் முன்பே தேசிய அணியில் எடுத்துவிட்டார்கள். ஃபார்வர்ட் ஆட்டக்காரி. வலது ஓரத்தில் பந்தை வாங்கிக்கொண்டு கிளம்பினால் எதிரணியின் தடுப்பாளர்கள் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி பின்னால் ஓடிவருவார்கள். ஒரு பெரிய போட்டியின் கடைசி நிமிடத்தில், கீழே விழுந்துகொண்டே ஒரு கோல் போட்டாள். விழுந்த இடத்திலிருந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஒரு புகைப்படக்காரர் பிடித்தார். அங்கே பிடித்தது சனி, அல்லது சுக்கிரன், உங்கள் விருப்பம்.

அந்தப் படத்துக்குப் பிறகு அவள் டிவியில் காலை நிகழ்ச்சியில் ஆம்லெட் போட்டாள். பனிச்சறுக்கு ஆடினாள். ஷாம்பு விற்றாள். ஹாக்கியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று தெரியாதவர்களுக்கும் அவளைத் தெரிந்தது. பிறகு முழங்கால் போனது. அறுவை செய்து, நெடுநாள் படுத்து, திரும்பி வந்தபோது பழைய வேகம் இல்லை. பயிற்சியாளர் அவளை முன்வரிசையிலிருந்து எடுத்துப் பின்னால் லெஃப்ட் ஆஃபில், இடது ஓரத் தடுப்பில், நிறுத்தினார். கோல் போடுகிற இடத்திலிருந்து, அடுத்தவர் கோல் போடாமல் பார்த்துக்கொள்கிற இடத்துக்கு. இதில் விசித்திரம் என்னவென்றால், ஆட்டம் இறங்க இறங்கப் புகழ் ஏறியது. கடிகாரக் கம்பெனி அவளைப் பிடித்தது இதற்குப் பிறகுதான். "முகத்துக்காகத்தான் இன்னும் அணியில் வைத்திருக்கிறார்களா?" என்று ஒரு பத்திரிகை எழுதியது.

பாலகுரு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார், வேண்டுமென்றேதான்.

"முகத்துக்காக எவளாவது முட்டிய ஒடச்சுக்கிடுவாளாடா?" என்றார் கார்மேகம். அன்று முழுக்கப் பாலகுருவோடு பேசவில்லை.

இந்த இடத்தில் என் கணவர் பாஸ்கர் குறுக்கிட்டார். பாஸ்கர் ஆடிட்டர். என் கதைகளையும் ஆடிட் செய்வார்.

"அவருக்கு அந்தப் பொண்ணு மேல ஒரு இதுன்னு படிக்கிறவங்க நினைச்சுக்க மாட்டாங்களா?"

நியாயமான சந்தேகம். பாலகுருவும் அதையே கேட்டிருக்கிறார். கார்மேகம் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "நான் ஊர்ல கோல்கீப்பர்டா. எதிர ஓடிவாரவள கோல்கீப்பர் எப்படிப் பாப்பான்? பயந்துதான் பாப்பான். எனக்கு இவ மேல உள்ளது அந்தப் பயம்தான்."

பாஸ்கர் இதைப் படித்துவிட்டு, "சரி, ஆடிட் பாஸ்" என்றார்.

4

இப்போது வினை தொடங்குகிறது. கார்மேகத்துக்குப் பெண்குழந்தை பிறந்தது.

கல்யாணமாகி நெடுங்காலம் கழித்து வந்த முதல் குழந்தை. லீவுக்கு லீவு மட்டும் ஒன்றாக இருக்கிற தம்பதிக்கு எல்லாமே தாமதமாகத்தான் வரும். செய்தி வந்தபோது அவர் யாரோ ஒருவருடைய மொட்டைமாடியில் கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் போய் உட்கார்ந்து அழுதார். அடுத்த லீவுக்கு நாள் நிறைய இருந்தது. பார்க்காத பிள்ளைக்கு அவர் இப்போதே, இங்கிருந்தே கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். பெயர்.

"டினெக்கே" என்றார் போனில்.

அந்தப் பக்கம் நாகவள்ளி, அவர் மனைவி. பிள்ளை பெற்ற களைப்பிலும் குரல் கணீரென்றுதான் இருந்தது.

"என்னது?"

"டினெக்கே. நான் சொல்லுவேன்லா, நெதர்லாந்து—"

"தெரியும் தெரியும். அவ படத்த நீங்க பொட்டியில ஒட்டியிருந்ததத்தான் போன லீவுலயே பாத்தனே. ஏங்க, தெருவுல பிள்ளைய எப்படிக் கூப்பிட? வாத்தியாரு எப்படிக் கூப்பிடுவாரு? நான் வேற பேரு வச்சிருக்கேன்."

"என்ன பேரு?"

"ஜெயபாரதி."

கார்மேகத்துக்கு ஜெயபாரதியைத் தெரியும். கோவில்பட்டியில் அந்த வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நாகவள்ளி படித்த பெண்கள் பள்ளியின் ஹாக்கி கேப்டன், சென்டர் ஆஃப். நாகவள்ளி அவளுக்குப் பக்கத்தில் லெஃப்ட் ஆஃப். மாவட்டப் போட்டியில் ஜெயித்து, மண்டலத்தில் ஜெயித்து, அதோடு பள்ளிக்கூடம் முடிந்து, ஆட்டமும் முடிந்தது. நாகவள்ளிக்குக் கல்யாணம். ஜெயபாரதி சாத்தூரில் இன்றைக்கும் தையல் கடை வைத்திருக்கிறாள்.

"அவளுக்கு என்ன கொறச்ச?" என்றாள் நாகவள்ளி. "ஒங்க ஆளு படம் துபாய் ரோட்டுல நாலு மாடிக்கு நிக்குதுங்கிறீக. எங்க கேப்டன் படம் பேப்பர்ல ஒரு தடவ வந்திருக்கா? கோப்பைய வாங்கும்போது எடுத்த போட்டாவுலயே எம்.எல்.ஏ கை மறச்சிருச்சு. அவ பேரு எம் பிள்ளையோடயாவது இருக்கட்டும்."

"எம் பிள்ளையும்தானே."

"ஆமா. அதான் சண்ட."

குழந்தைக்குப் பெயர் வைக்கும் வழக்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். முப்பதாம் நாள் தொட்டில் போடும்போது அப்பா குழந்தையின் காதில் மூன்றுமுறை பெயரைச் சொல்வார். அதேநேரம் அம்மா ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, விரலி மஞ்சளால் அதில் பெயரை எழுதுவாள். அப்பா வளைகுடாவில் இருந்தால்? குழந்தையின் காதில் போனை வைப்பார்கள். எத்தனையோ பிள்ளைகள் தங்கள் பெயரை முதன்முதலாக இரைச்சலுக்கு நடுவே, கடல் தாண்டித்தான் கேட்டிருக்கிறார்கள். காதில் சொல்வதும் அரிசியில் எழுதுவதும் ஒரே பெயராக இருக்க வேண்டும் என்று யாரும் விதி போட்டதில்லை. போட வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை.

இவர்களுக்கு வந்தது. பேசிப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் நாகவள்ளி சொன்னாள்: "நீங்க காதுல சொல்லுறதச் சொல்லுங்க. நான் அரிசியில எழுதுறத எழுதுதேன். எது நிக்குதுன்னு பாப்போம்."

போன் கட்டாகிவிட்டது. கார்மேகம் அதை நாகவள்ளி வைத்துவிட்டதாக நினைத்தார். போன் கார்டு தீர்ந்ததாகத்தான் நான் எழுத நினைத்திருந்தேன். அவர் நினைத்தபடியே இருக்கட்டும்.

5

"ஏங்க, எழுதுற அம்மா."

நான் நிமிர்ந்தேன். யார் கூப்பிட்டது?

"நாந்தான், நாகவள்ளி. என்னைய எதுக்குப் போனுக்குள்ளயே போட்டு அடைச்சிருக்கீக? எனக்கு மூஞ்சி இல்லையா, கை கால் இல்லையா? அவுகளுக்கு மட்டும் ரூமு, பிரியாணி, கூட்டாளி எல்லாம் குடுத்திருக்கீக."

மன்னிக்க வேண்டும், கதை துபாயில் நடக்கிறது, அதனால்தான் என்று இழுத்தேன்.

"பிள்ள கோவில்பட்டியிலல்லா இருக்கு? அப்பறம் இன்னொண்ணு. அவுகள 'சொன்னார்'ங்கீக. என்னைய 'சொன்னாள்'ங்கீக. நானும் அவுக வயசுக்கு ரெண்டு வயசுதான் கொறச்ச."

மேலே எழுதியதைத் திருத்த நேரமில்லை, இனி ஒழுங்காக எழுதுகிறேன்.

நாகவள்ளி அம்மா வீட்டில் இருந்தார். பிள்ளை பெற்ற உடம்புக்குப் பூண்டுக்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு டிவியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு சேனலில் நெதர்லாந்துப் பெண்கள் ஆடுகிற பழைய மேட்ச். விரல் நின்றது. ஆசையில் நின்றதாக நினைக்க வேண்டாம். புருஷனோடு சண்டை போடுகிறவருக்கு எதிரியைப் பற்றிக் கொஞ்சம் விவரம் வேண்டாமா?

டினெக்கேயை முன்வரிசையில் தேடினார், காணவில்லை. பிறகுதான் கண்டுபிடித்தார். பின்னால், இடது ஓரத்தில் நின்றாள். முட்டியில் தடித்த பட்டை.

"லெஃப்ட் ஆஃப்ல நிக்கா" என்றார் மடியிலிருந்த பிள்ளையிடம்.

அந்த இடத்தை நாகவள்ளிக்கு நன்றாகத் தெரியும். அங்கே நிற்கிறவளை யாரும் பார்ப்பதில்லை. அவள் ஒழுங்காக ஆடினால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் செய்வதுதான் அவள் வேலை. ஆட்டம் முடியப்போகிற நேரம், எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு புயலாகக் கிளம்பினாள். சின்ன வயது, புதுக் கால்கள். டினெக்கே நொண்டி நொண்டித்தான் ஓடினாள். பந்தைப் பறிக்கவில்லை. பறிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். உள்பக்கமாகவே கூட ஓடி, அந்தச் சின்னப்பெண்ணை உள்ளே திரும்பவிடாமல் ஓரமாகவே தள்ளிக்கொண்டு போனாள், கோட்டைத் தாண்டிப் பந்து வெளியே உருளும்வரை. கேமரா அதற்குள் பயிற்சியாளரின் முகத்துக்குப் போய்விட்டது. வர்ணனையாளர் கடிகார விளம்பரத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"பாத்தியாட்டி?" என்றார் நாகவள்ளி. பிள்ளை கொட்டாவி விட்டது. "என்ன அழகா மறிச்சா பாரு. ஒருத்தனும் பாக்கல."

டிவியை அணைத்துவிட்டுப் பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டேன். அதையெல்லாம் ஒங்ககிட்டச் சொல்லணுமாக்கும் என்றார்.

6

டினெக்கே துபாய்க்கு வந்தாள். தெய்ராவில் ஒரு மாலில் கடிகாரக் கடையைத் திறந்துவைக்க. இதைக் கார்மேகம் பேப்பரில் படித்தார்.

இங்கே எனக்கு நாலைந்து வழிகள் இருந்தன. மால் வாசலில் காவலாளி அவரைத் தடுத்து நிறுத்துவது ஒன்று. அதை எழுதத் தொடங்கி, "கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் முகத்தை—" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். இந்த மாதிரிக் கதைகளில் நம் ஆட்கள் வாசலிலேயே நின்று நின்று எனக்கே கால் வலிக்கிறது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் கையெழுத்து வாங்குவது இன்னொன்று. அவர் சுபாவத்துக்கு அது ஒத்துவராது.

அவர் ஏசி மெக்கானிக் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அந்த மாலின் பராமரிப்பு அவர் கம்பெனிக்குத்தான்.

நிகழ்ச்சி நாளன்று மேடைக்கு நேர் மேலே ஏசியின் தண்ணீர்க் குழாய் கசிந்தது. கார்மேகத்தைக் கூப்பிட்டு, ஏணியில் ஏற்றி, கூரைப் பலகைகளுக்கும் தளத்துக்கும் நடுவே இருக்கிற பொந்துக்குள் அனுப்பினார்கள். பாதி வேலையில் விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் பதறிப்போய்க் கீழேயிருந்து கிசுகிசுத்தார்.

"பாய், உப்பர் ஹீ ரஹோ. நீச்சே மத் ஆனா. ப்ரோக்ராம் கலாஸ் ஹோனே தோ."

மேலேயே இரு, முடிகிறவரை இறங்காதே. ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கார்மேகம் பலகையில் குப்புறப் படுத்துக் காற்று வரும் கிரில் வழியாகப் பார்த்தார். நேர் கீழே ஒரு பொன்னிறத் தலை. உச்சி வகிடு கொஞ்சம் கோணல். குழாயிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, அந்த வகிட்டைக் குறிபார்த்துத் தொங்கியது. தொப்பியைக் கழற்றி நீட்டினார். சொட்டு தொப்பிக்குள் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. தொப்பி நனைந்ததும் காலித் தண்ணீர் பாட்டிலில் பிழிந்துகொண்டார். நிகழ்ச்சி முடியும்வரை அவர் கோல்கீப்பராகவே இருந்தார். ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

(பாஸ்கர்: "சீலிங்லருந்து பார்க்கறதெல்லாம் கொஞ்சம் ஓவர்." நான்: "அன்னைக்கு நம்ம ஏசிக்குள்ள பாதி உடம்ப விட்டுட்டு நின்னாரே, அது ஓவர் இல்லையா?")

கீழே கேள்விகள் கேட்டார்கள். துபாய் பிடித்திருக்கிறதா? ஒட்டகத்தில் ஏறினீர்களா? முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்? கல்யாணம் எப்போது? முட்டி எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்கட்டுமே என்று கார்மேகம் காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. டினெக்கே எல்லாவற்றுக்கும் சிரித்தாள்.

படம் பிடிப்பதற்காக அவள் கையில் ஒரு ஹாக்கி மட்டையும் பந்தும் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் தரைவரை துணி தொங்கும் உயரமான மேஜை. கடை மேனேஜர் நீண்ட உரையைத் தொடங்கினார். எதிரே இருந்தவர்களுக்கு அவள் முகம் மட்டும் தெரிந்தது, கவனமாகக் கேட்கிற முகம். மேலே இருந்தவருக்கு மற்றது தெரிந்தது. மேஜைக்குப் பின்னால் அவள் மட்டை பந்தை இடமும் வலமுமாக உருட்டிக்கொண்டிருந்தது. கம்பளத்தின் மேல் சத்தமே இல்லை. மட்டையின் முனையைத் திருப்பித் திருப்பி, மேஜைக் காலைச் சுற்றி ஒருமுறை, தன் குதிகால் செருப்பைச் சுற்றி ஒருமுறை. அவள் குனிந்து பார்க்கவே இல்லை. கை தானாக ஆடியது.

இதை முன்பே பார்த்திருக்கிறோமே என்று கார்மேகத்துக்குத் தோன்றியது. எங்கே? பரிசளிப்பு மேடை. எம்.எல்.ஏ பேசிக்கொண்டே இருக்கிறார். பின்னால் நாற்காலியில் பெண்கள் அணியின் கேப்டன், முகத்தில் பயபக்தி, நாற்காலிக்கு அடியில் மட்டை பந்தை உருட்டுகிறது. பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்த பையன்களில் இவர் மட்டும் அதைக் கவனித்தார். ஜெயபாரதி. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவளும் கவனித்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பாடுபட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கார்மேகம் பிற்பாடு பெண் கேட்டுப் போனார்.

எப்படி மறந்தது? நாலு மாடி உயரத்துக்கு ஒருத்தி. தையல் கடையில் ஒருத்தி. இரண்டு பேர் ஆட்டமும் மேடையில் இப்படி மறைவில்தான் நடந்திருக்கிறது. இரண்டையும் பார்த்த ஒரே ஆள் அநேகமாகத் தான்தான் என்று அவருக்குத் தோன்றியது. அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

(இங்கே ஒரு சொட்டு தவறி விழுந்து, டினெக்கே அண்ணாந்து பார்த்து, இரண்டு பேர் கண்களும் சந்திப்பதாக ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. நீக்கிவிட்டேன். ஒரு சொட்டும் விடாதவர் என்று சொல்லிவிட்டு, என் வசதிக்காக அவர் கையைத் தட்டிவிடக் கூடாது.)

அவள் போய்விட்டாள். ஏணி வந்தது. இறங்கி வந்தவரின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. "க்யா ஹுவா பாய்?" என்றார் சூப்பர்வைசர், என்ன ஆயிற்று என்று. கார்மேகம் தொப்பியைப் பிழிந்தார்.

7

தொட்டில் போடும் நாள். வெள்ளிக்கிழமையாக அமைந்தது. கார்மேகம் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, கேம்ப்பின் பின்பக்கம் இரைச்சல் குறைந்த இடமாகப் பார்த்து நின்றார். பாலகுரு கூடவே வந்தார். வேறென்ன, வேடிக்கை பார்க்கத்தான்.

போனை எடுத்தது நாகவள்ளியின் தங்கை சுசீலா. பின்னால் பெண்களின் பேச்சும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"அத்தான், காதுல வச்சிட்டேன். சொல்லுங்க."

கார்மேகம் வாயைத் திறந்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மூச்சு வந்தது. சின்ன மூச்சு, மூக்கு லேசாக அடைத்த மூச்சு. மகளின் முதல் சத்தம். சொல்ல வந்ததை மறந்து அதையே கேட்டுக்கொண்டு நின்றார்.

"சொல்லும் மாப்ள" என்று பாலகுரு இடித்தார்.

"ஜெயபாரதி" என்றார் கார்மேகம். பாலகுரு திரும்பிப் பார்த்தார். "ஜெயபாரதி." மூன்றாவது முறை குரலைத் தாழ்த்தினார். "ஜெயபாரதி" என்றார், தனக்குச் சொல்லிக்கொள்வதைப் போல.

பிறகு போன் கை மாறியது.

"சொல்லிட்டீகளா?" என்றார் நாகவள்ளி.

"சொல்லிட்டேன். நீ கேட்ட பேரத்தான் சொல்லியிருக்கேன். சந்தோசமா?"

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏட்டி, இருக்கியா?"

"ஏங்க" என்றார் நாகவள்ளி. குரல் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் எங்கோ இருந்தது. "நான் ஒங்க பேரல்லா எழுதிட்டேன். அரிசியில. டினெக்கேன்னு. எல்லாரும் கூடி நின்னு இது என்ன பேருங்காக. அவுகப்பா வச்ச பேருன்னு சொல்லிட்டேன்."

"என்னத்துக்கு எழுதுன?"

"லெஃப்ட் ஆஃப்ல நிக்கான்னு நீங்க ஏன் சொல்லல? முன்னால நின்னு கோல் போடுறவன்னுல்லா நெனச்சேன். அழிக்க மாட்டேன். நீங்க சொன்னதத் திருப்பி வாங்குங்க."

"காதுல போனத எப்படிட்டி திருப்பி வாங்க? நீ அழி."

"மாட்டேன்."

"ஜெயபாரதிதான்."

"டினெக்கேதான்."

பாலகுரு தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் சுசீலா, "அக்கா, தட்டு" என்று கத்துவது கேட்டது. குழந்தை காலை உதறியதில் தட்டு நகர்ந்து, அரிசி சரிந்து, எழுத்து கலைந்துவிட்டது. (அதிலேயே தெரிகிறது, பிற்காலத்தில் ஹாக்கி ஆடுவாள் என்று ஒரு வரி எழுதினேன். குழந்தை காலை உதறினால் காலை உதறுகிறது என்றுதான் அர்த்தம். அடித்துவிட்டேன்.)

பாஸ்கர் சொல்கிறார், டினெக்கே ஜெயபாரதி என்று இரண்டையும் சேர்த்து வைத்துவிடு, பாஸ்போர்ட்டில் இடம் இருக்கிறது. கணக்குப்படி சரிதான். அப்படிச் செய்தால் இரண்டு பேரும் பாதி தோற்றவர்களாகிவிடுவார்கள். இப்போது இருவரும் ஒருவரிடம் ஒருவர் முழுசாகத் தோற்றிருக்கிறார்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே குழந்தைக்குப் பெயரை நான் வைக்கப் போவதில்லை.

சுசீலா அரிசியைக் கையால் தடவிச் சமன்செய்துவிட்டாள். தட்டு இப்போது உங்கள் முன்னால் இருக்கிறது. விரலி மஞ்சள் இந்தாருங்கள். நாகவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து உங்களுக்கு இடம் விட்டிருக்கிறார். குழந்தை விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. எழுதி முடித்ததும், என்ன எழுதினீர்கள் என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். கார்மேகம் இன்னும் லைனில்தான் இருக்கிறார், அவருக்குத் தட்டு தெரியாது.